கிழக்கே ஊதாத பியூகிள்

அமெரிக்காவின் டெக்சஸ் மாநிலத்தில், காலேஜ் ஸ்டேஷன் என்ற ஊரில், டெக்சஸ் ஏ அண்ட் எம் பல்கலைக்கழகம் இருக்கிறது. 1876-இல் வேளாண்மையும் எந்திரவியலும் போர்ப்பயிற்சியும் சொல்லித்தரும் ஆண்கள் கல்லூரியாகத் தொடங்கியது. இன்று எழுபதாயிரம் பேருக்கு மேல் படிக்கும் அரசுப் பல்கலைக்கழகம். கல்வியாண்டு நடக்கும் மாதங்களில், முதல் செவ்வாய்க்கிழமை இரவு பத்தரை மணிவாக்கில், வளாகத்தின் நடுவிலுள்ள சதுக்கத்தில் மாணவர்கள் கூடுகிறார்கள். முந்தைய மாதத்தில் இறந்துபோன மாணவரின் பெயர் அன்று பகல் முழுவதும் கொடிமரத்தின் அடியில் ஓர் அட்டையில் இருக்கும். கொடி அரைக்கம்பத்தில் பறக்கும். இரவானதும் சுற்றியுள்ள விளக்குகளை அணைத்துவிடுகிறார்கள். மணிக்கூண்டிலிருந்து பக்திப் பாடல்களின் மெட்டு ஒலிக்கிறது. பிறகு அதுவும் நின்றுபோகிறது. யாரும் பேசுவதில்லை. கேடட் மாணவர்களின் அணி ஒன்று மெல்ல நடந்து வரும் காலடியோசை மட்டும் இருட்டில் கேட்கிறது. துப்பாக்கிகள் மூன்று முறை வெடிக்கின்றன. அதன்பின் பியூகிள் ஊதுபவர்கள் ஒரே இசையை மூன்று தடவை ஊதுகிறார்கள்: வடக்கே பார்த்து ஒரு முறை, தெற்கே பார்த்து ஒரு முறை, மேற்கே பார்த்து ஒரு முறை. கிழக்கே ஊதுவதில்லை. இறந்தவருக்கு இனிச் சூரியன் உதிக்கப்போவதில்லை என்று அதற்குக் காரணம் சொல்கிறார்கள். ஊதி முடிந்ததும் கூட்டம் வந்ததைப் போலவே வாய் திறக்காமல் கலைந்துபோகிறது. சில்வர் டாப்ஸ் என்று இதற்குப் பெயர். 1898-இல் கல்லூரித் தலைவர் லாரன்ஸ் சல்லிவன் ராஸ் இறந்தபோது முதன்முதலாக நடந்தது.

வந்து நிற்பவர்களில் பெரும்பாலோருக்கு இறந்தவரைத் தெரியாது. எழுபதாயிரம் பேரில் ஒருவர் இன்னொருவரைத் தெரிந்து வைத்திருக்க வழியும் இல்லை. அந்தக் கூட்டத்தில் கிறிஸ்தவர் இருப்பார், முஸ்லிம் இருப்பார், இந்து இருப்பார், கடவுள் நம்பிக்கையே இல்லாதவரும் இருப்பார். அரசு நடத்தும் நிறுவனம் என்பதால் அது எந்த மதத்தின் பெயராலும் ஒரு சடங்கை நடத்த முடியாது. ஆன்மாவைப் பற்றியோ மறுமையைப் பற்றியோ யாரும் அங்கே உபதேசிப்பதில்லை. ஆனாலும் குறித்த நாள், குறித்த நேரம், குறித்த திசை, மௌனம், மாறாத வரிசை என்று ஒரு சடங்குக்கு வேண்டிய எல்லாமே அதில் இருக்கின்றன. இங்கேதான் கேள்வி எழுகிறது. இறந்தவர் கேட்கிறார் என்று நம்பாதவர்கள் இறந்தவருக்காக ஊதும் பியூகிளுக்குப் பொருள் உண்டா? நம்பிக்கையைக் கழற்றி எடுத்துவிட்ட பிறகு சடங்கில் மிஞ்சுவது வெறும் நாடகமா? நாடகம் அன்று என்பதே என் முடிவு. சடங்கின் வேர் நம்பிக்கையில் இல்லை, கடனில் இருக்கிறது. யாருக்குக் கடன் என்று தெரிந்திருக்கும்வரை சடங்கு மெய்யாக இருக்கும். அதை மறந்தால், எத்தனை பேர் எவ்வளவு உருக்கமாகச் செய்தாலும் பொய்யாகிவிடும். இதன் இரண்டு பாதிகளையும் அந்த ஒரே பல்கலைக்கழகம் காட்டியிருக்கிறது. இரண்டாவதைக் காட்டப் பன்னிரண்டு உயிர்கள் போயின.

கடன் என்ற சொல்லையே கொஞ்சம் பார்க்கலாம். வாங்கியதைத் திருப்பித் தரவேண்டிய பாக்கியும் கடன்தான், செய்தாக வேண்டிய கடமையும் கடன்தான், இறந்தவருக்குச் செய்யும் சடங்கும் கடன்தான். நீர்க்கடன், இறுதிக்கடன், காலைக்கடன் என்று சொல்லும்போது, அதைச் செய்பவர் என்ன நம்புகிறார் என்று மொழி விசாரிப்பதில்லை. பாக்கி இருக்கிறதா, தீர்த்தாயா என்றுதான் கேட்கிறது. இது மொழியின் தற்செயல் என்று தள்ளிவிட வேண்டாம். வேதச் சடங்குகளை ஆராய்வதற்கென்றே பிறந்த பூர்வ மீமாம்சை இதே இடத்துக்கு வேறு வழியில் வந்து சேர்ந்தது. ஜைமினியின் சூத்திரங்களுக்கு உரை எழுதிய சபரர், வேள்வியில் அழைக்கப்படும் தேவதைக்கு உடல் கிடையாது, அது அவியை உண்பதில்லை, மகிழ்ந்து வரம் கொடுப்பதும் இல்லை என்று வாதிட்டார். தேவதையைத் திருப்திப்படுத்துவதற்காக வேள்வி செய்யப்படவில்லை. செய் என்ற விதி இருப்பதால் செய்யப்படுகிறது. சடங்கில் ஊறித் திளைத்த ஒரு மரபு, தன் சடங்கைக் கேட்பதற்கு எதிரில் யாரும் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை என்று துணிந்து சொன்னது வியப்பானது. சடங்கு என்றாலே கடவுளிடம் கேட்டுப் பெறும் பேரம் என்று நினைப்பவர்கள், சடங்கின் மிகப் பெரிய வழக்கறிஞர்களே அப்படி நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும்.

சீனத்தில், கிறிஸ்து பிறப்பதற்கு மூன்று நூற்றாண்டுக்கு முன் வாழ்ந்த கன்பூசிய மரபினரான சுன் சி இதையே இன்னும் மனிதத் தன்மையோடு விளக்கினார். மழை வேண்டிச் சடங்கு செய்த பிறகு மழை பெய்தால், செய்யாமல் இருந்திருந்தாலும் அது பெய்திருக்கும் என்பது அவர் கருத்து. அப்படிச் சொன்னவர் சடங்கை விடச் சொல்லவில்லை. இறந்தவருக்கான சடங்குகளைச் சாமானியர் ஆவிகளோடு தொடர்புடையவையாகப் பார்க்கலாம், விவரம் தெரிந்தவர் மனித வாழ்க்கையின் ஒழுங்காகப் பார்ப்பார் என்றார். துக்கத்துக்கும் நன்றிக்கும் ஏங்கும் நினைவுக்கும் ஓர் உருவம் வேண்டும். உருவம் கிடைக்காத உணர்ச்சி ஒன்று மனிதரை மூழ்கடிக்கும், இல்லையென்றால் ஆறிப்போகும். சில்வர் டாப்ஸ் அன்று மாணவர்கள் இறந்தவரின் குடும்பத்துக்குக் கடிதம் எழுதுகிறார்கள். இருபது வயதில் ஒரு பிள்ளையைப் பறிகொடுத்த தாய்க்கு, அந்தப் பிள்ளையைப் பார்த்தே இராத ஒருவர் என்ன எழுதிவிட முடியும்? தானாக உட்கார்ந்து எழுதச் சொன்னால் நம்மில் பெரும்பாலோர் எழுத மாட்டோம். மனம் இல்லாததால் அல்ல, எப்படித் தொடங்குவது என்று தெரியாததால். நாளும் நேரமும் வழக்கமும் அந்தத் தயக்கத்தை உடைக்கின்றன. எழுது என்று ஒரு நாள் வந்து நிற்கிறது, எழுதுகிறோம். சடங்கு செய்யும் வேலை இது.

அதே பல்கலைக்கழகத்தின் இன்னொரு வழக்கம் இந்தக் கேள்வியை மேலும் கூர்மையாக்குகிறது. ஒவ்வோர் ஆண்டும் ஏப்ரல் 21 அன்று, 1836-இல் டெக்சஸ் மெக்சிகோவிடமிருந்து விடுதலை பெற்ற சான் ஹசிண்டோ போரின் நினைவுநாளில், மஸ்டர் என்ற கூட்டம் நடக்கிறது. வளாகத்தில் மட்டுமல்ல, பழைய மாணவர்கள் இருக்கும் உலகின் நூற்றுக்கணக்கான ஊர்களிலும் நடக்கிறது. அந்த ஆண்டில் இறந்தவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசிக்கிறார்கள். பெயர் வாசிக்கப்பட்டதும் கூட்டத்திலிருந்து உறவினரோ நண்பரோ, வகுப்பில் வருகைப் பதிவுக்குக் குரல் கொடுப்பதைப் போல, இருக்கிறேன் என்று குரல் கொடுத்து ஒரு மெழுகுவத்தி ஏற்றுகிறார். நம் பள்ளிக்கூடங்களில் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்லி வளர்ந்த யாருக்கும் இதை விளக்க வேண்டியதில்லை. 1942-இல் பிலிப்பைன்ஸின் கொரெஹிடோர் தீவு ஜப்பானியப் படையின் முற்றுகையில் சிக்கியிருந்தபோது, அங்கே இருந்த இந்தக் கல்லூரியின் பழைய மாணவர்கள் 25 பேர் மஸ்டர் கூடியதாக ஒரு செய்தி ஜெனரல் ஜார்ஜ் மூர் வழியாக அமெரிக்காவை எட்டியது. மே 6 அன்று தீவு வீழ்ந்தது. அந்த ஆண்டிலிருந்துதான் மஸ்டர் நாடு முழுதும் அறிந்த நிகழ்ச்சியாயிற்று.

இருக்கிறேன் என்ற அந்தச் சொல்லை ஒரு தத்துவ மாணவர் பிடித்துக்கொள்ளலாம். இறந்தவர் இல்லை; அவர் இருக்கிறார் என்று இன்னொருவர் சொல்வது பொய். வகுப்பில் நண்பனுக்காகக் குரல் மாற்றி வருகைப் பதிவு கொடுத்தால் ஏமாற்று என்கிறோம், இதை மட்டும் ஏன் புனிதம் என்கிறோம்? நியாயமான கேள்விதான். அந்தச் சொல் ஒரு தகவலாக இருந்தால் அது பொய்யேதான். ஆனால் அதைக் கேட்கும் ஒருவர்கூட அந்த இளைஞர் உயிரோடு இருக்கிறார் என்று தவறாக எண்ணிக்கொண்டு வீட்டுக்குப் போவதில்லை. ஏமாறுபவர் யாரும் இல்லாத இடத்தில் ஏமாற்று இல்லை. அங்கே நடப்பது ஒரு பொறுப்பேற்பு: இந்தப் பெயருக்கு இனி நான் பதில் சொல்வேன், கூப்பிட்டால் இது பதிலில்லாமல் போகாது என்று ஒருவர் ஊரறியச் சொல்கிறார். தத்துவ அறிஞர் விட்கன்ஸ்டைன், ஃபிரேஸரின் மானுடவியல் நூலைப் படித்துவிட்டு எழுதிய குறிப்புகளில், அன்புக்குரியவரின் படத்தை முத்தமிடுவதைப் பற்றிச் சொல்கிறார். அந்த முத்தம் படத்தில் இருப்பவரைப் போய்ச் சேரும் என்ற கொள்கை எதுவும் அதற்குப் பின்னால் இல்லை. ஆகவே அந்தக் கொள்கை தவறு என்று நிரூபிப்பதால் முத்தம் தவறாகிவிடாது. மஸ்டரின் பதிலும் இந்த இனத்தைச் சேர்ந்தது.

சித்தர் பாடல்களில் வளர்ந்த தமிழ் வாசகருக்கு இன்னொரு ஐயம் எழும், அது என்னுடைய ஐயமும்கூட. கல்லைச் சுற்றுவதையும் மந்திரம் முணுமுணுப்பதையும் சித்தர்கள் இடித்துரைத்தார்கள். மனம் கூடாத சடங்கு வெறும் அசைவு என்றார்கள். முன்பின் தெரியாதவருக்காக இருட்டில் நிற்பவரின் மனம் எங்கே இருக்கும்? நாளைய தேர்வில் இருக்கலாம், பசியில் இருக்கலாம். வராத துக்கத்தை வந்ததுபோல் காட்டுவது போலித்தனம் இல்லையா? இங்கே துக்கத்தையும் மரியாதையையும் பிரித்துப் பார்க்க வேண்டும். நம் தெருவில் ஒரு சவ ஊர்வலம் வரும்போது கடைக்காரர் ஷட்டரைப் பாதி இறக்குகிறார். சைக்கிளில் போகிறவர் இறங்கி ஓரமாக நிற்கிறார். அவர்கள் அழவில்லை, அழுவதுபோல் நடிக்கவும் இல்லை. தங்கள் வேலையை ஒரு நிமிடம் நிறுத்தி வழிவிடுகிறார்கள். துக்கம் தெரிந்தவருக்கு மட்டுமே வரும். மரியாதை தெரியாதவருக்கும் தரப்பட வேண்டியது. தெரியாதவருக்குத் தரும்போதுதான் அது மரியாதை என்பதே உறுதியாகிறது. சித்தர்கள் சாடியது புண்ணியத்தை விலைக்கு வாங்கும் சடங்கை, சாதியின் உயர்வைக் காட்டிக்கொள்ளும் சடங்கை. சில்வர் டாப்ஸில் வாங்குவதற்கு ஒன்றும் இல்லை. வந்தவருக்கு மதிப்பெண் கிடையாது, இருட்டில் யார் வந்தார் யார் வரவில்லை என்று பார்க்கக்கூட முடியாது. சித்தர்களின் சோதனையை வைத்துப் பார்த்தாலும் அது தேறும்.

வரலாறு பற்றிய ஆட்சேபம் இதைவிடக் கனமானது. முதல் சில்வர் டாப்ஸ் யாருக்காக ஊதப்பட்டதோ அந்த ராஸ், அமெரிக்க உள்நாட்டுப் போரில் அடிமை முறையைக் காக்க நின்ற தென்மாநிலப் படையின் தளபதி. பிறகு டெக்சஸின் ஆளுநர், அதன்பின் கல்லூரித் தலைவர். அவருடைய சிலை இன்றும் சில்வர் டாப்ஸ் நடக்கும் அதே சதுக்கத்தில் நிற்கிறது. தேர்வுக் காலத்தில் அதன் காலடியில் மாணவர்கள் காசு வைக்கிறார்கள். 2020-இல் அந்தச் சிலையை அகற்றக் கோரி மாணவர்கள் போராடினார்கள், எதிர்த்தவர்களும் திரண்டார்கள், சிலை அங்கேயே இருக்கிறது. கறுப்பின மாணவர்கள் முதன்முதலாக அங்கே சேர்க்கப்பட்டது 1963-இல்தான். பெண்களுக்கு வரம்புகளோடு கதவு திறந்ததும் அதே ஆண்டில்தான். வெள்ளையரான ஆண்கள் தங்களுக்குள் வளர்த்துக்கொண்ட சடங்கில் மற்றவர்கள் ஏன் தலைகுனிந்து நிற்க வேண்டும் என்று ஒருவர் கேட்டால், அதை மரபுக்கு எதிரான குரல் என்று ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் இதையும் பார்க்க வேண்டும். ராஸுக்காக ஊதிய அதே இசைமரபு இன்று, அவர் காலத்தில் அந்த வாசலுக்குள் வர முடியாதிருந்தவர்களின் பிள்ளைகளுக்காகவும், இந்தியாவிலிருந்தும் சீனாவிலிருந்தும் ஆராய்ச்சி செய்ய வந்து அங்கே உயிர்விட்டவர்களுக்காகவும் ஊதப்படுகிறது. பட்டியலில் பெயர் சேர்வதற்கு ஒரே தகுதி, அங்கே மாணவராக இருந்து இறந்திருப்பது. இனம், நாடு, மதம், மதிப்பெண் எதுவும் கேட்கப்படுவதில்லை. பிறந்த இடத்தை வைத்து மட்டும் ஒரு சடங்கை எடைபோடக் கூடாது. யாரையெல்லாம் தன் கடனாளியாகவும் கடன்காரராகவும் ஏற்றுக்கொள்ளும் அளவுக்கு அது அகன்றிருக்கிறது என்று பார்க்க வேண்டும். சிலையால் அப்படி அகல முடியாது, ஊதும் சடங்கால் முடிந்திருக்கிறது.

இதுவரை சொன்னது சடங்கின் பக்கம். இனி அதன் கொடிய பக்கம். 1909 முதல் அந்தக் கல்லூரி மாணவர்கள், ஆஸ்டினில் உள்ள டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு ஆண்டுதோறும் நடக்கும் அமெரிக்கக் கால்பந்து ஆட்டத்துக்கு முன் பெரிய சொக்கப்பனை ஒன்றைக் கொளுத்தி வந்தார்கள். பான்ஃபயர் என்று பெயர். எதிரணியை வெல்லும் ஆசை தங்களுக்குள் எரிகிறது என்பதற்கு அது அடையாளம். தொடக்கத்தில் குப்பையும் பழைய பலகையும் போட்டு எரித்தார்கள். பின்னால் மாணவர்களே காட்டுக்குப் போய்க் கோடரியால் மரம் வெட்டி, சுமந்து வந்து, அடுக்கடுக்காக நிறுத்தினார்கள். 1969-இல் அது 109 அடிக்கு மேல் எழுந்தது. அதன்பின் 55 அடி என்று வரம்பு வைத்தார்கள். பல வார உழைப்பு, கடைசி நாட்களில் இரவும் பகலும் மாறி மாறி வேலை, பொறுப்பில் இருக்கும் மூத்த மாணவர்களுக்குச் சிவப்புத் தலைக்கவசம் என்று அதற்குள்ளேயே ஓர் உலகம் இருந்தது. எப்படிக் கட்டுவது என்பது மூத்தவர் வாய்வழியாக இளையவருக்கு இறங்கி வந்த அறிவு. பொறியாளர் ஒருவர் கணக்குப் போட்டுக் கையெழுத்திட்ட வரைபடம் அதற்கு இல்லை. 1994-இல் மழையில் ஊறிய தரையில் அடுக்கு சாய்ந்தது. அதைப் பிரித்துவிட்டு, மாணவர்கள் சில நாட்களிலேயே புதிதாக ஒன்றை எழுப்பி, குறித்தபடி எரித்தார்கள். அது எச்சரிக்கையாகக் கேட்டிருக்க வேண்டிய செய்தி. ஊக்கத்தின் சான்றாக அதைக் கொண்டாடினார்கள்.

1999 நவம்பர் 18, அதிகாலை 2:42. ஏறக்குறைய ஐயாயிரம் மரங்கள் கொண்ட, ஏறக்குறைய 59 அடி உயர அடுக்கின்மேல் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவர்கள் வேலை செய்துகொண்டிருந்தபோது அது சரிந்தது. பன்னிரண்டு பேர் இறந்தார்கள், 27 பேர் காயமடைந்தார்கள். எந்திரத்தால் இழுத்தால் உள்ளே இருப்பவர்மேல் மற்ற மரங்கள் உருண்டுவிடும் என்பதால், கேடட் மாணவர்களும் கால்பந்து வீரர்களும் கையாலேயே மரங்களைத் தூக்கி அகற்றினார்கள். மீட்புப் பணி ஒரு நாளுக்கு மேல் நீடித்தது. விசாரணைக் குழு 2000 மே மாதம் அறிக்கை தந்தது. மேல் அடுக்கின் மரங்களைக் கீழ் அடுக்கின் மரங்களுக்கு இடையில் ஆப்புபோல் இறுக்கிச் செருகியதால் உள்ளிருந்து வெளியே தள்ளும் அழுத்தம் மிகுந்தது, சுற்றிக் கட்டிய கம்பிகள் அதைத் தாங்கவில்லை, முன்பு கீழடுக்கைச் சுற்றிக் கட்டிவந்த எஃகு வடம் அந்த ஆண்டு இல்லை. இவை உடனடிக் காரணங்கள். ஆனால் குழு அதோடு நிற்கவில்லை. பல ஆண்டுகளாக நிர்வாகம் ஆபத்தை முன்கூட்டி எண்ணிப் பார்க்கத் தவறியதையும், மரபின் மேல் வைத்த பற்று கண்ணை மறைத்ததையும் எடுத்துச் சொன்னது.

அங்கே போனது எது என்று கேட்டால், பொறியியல் அறிவு என்பதோடு விட முடியாது. நாட்டின் புகழ்பெற்ற பொறியியல் கல்லூரிகளில் ஒன்று அதே வளாகத்தில் இருந்தது. கேட்டிருந்தால் கணக்குப் போட்டுத் தந்திருப்பார்கள். கேட்கத் தோன்றவில்லை என்பதுதான் விஷயம். இவ்வளவு காலம் நின்றது, இனியும் நிற்கும் என்ற நினைப்பு கேள்வியையே மூடிவிட்டது. இங்கேதான் மீமாம்சையிடம் நான் பாதி வழியில் விடைபெறுகிறேன். தேவதை கேட்க வேண்டியதில்லை என்பது வரை அது சரி. ஆனால் விதி எங்கிருந்து வருகிறது என்று கேட்டால், வேதம் மனிதரால் செய்யப்படாதது, தொடக்கம் இல்லாதது, அதனால் பிழை இல்லாதது என்கிறது. வேதத்தைப் பற்றி அது சரியா என்ற வழக்கை இங்கே தீர்க்க வேண்டியதில்லை. பல்கலைக்கழக மரபு எதற்கும் அந்தத் தகுதி கிடையாது என்பது மட்டும் தெளிவு. 1898, 1909, 1942 என்று ஒவ்வொன்றுக்கும் தேதி இருக்கிறது, செய்தவர்களின் பெயர் இருக்கிறது. மனிதர் செய்த சடங்கு மனிதருக்குப் பதில் சொல்லியே ஆகவேண்டும். பழமை அதற்குச் சான்றிதழ் ஆகாது. பான்ஃபயர் தன் கடைசி ஆண்டுகளில் யாருக்குக் கடன்பட்டிருந்தது? இறந்தவருக்கு இல்லை, துன்பப்படுபவருக்கு இல்லை. போன ஆண்டின் பான்ஃபயருக்குத்தான். போன ஆண்டு எரிந்ததால் இந்த ஆண்டும் எரிய வேண்டும் என்பதற்குமேல் ஒரு கடனைக் காட்ட அதனால் முடியவில்லை. தனக்குத் தானே கடன்பட்ட சடங்கை நிறுத்தும் அதிகாரம் யாருக்கும் இருப்பதில்லை. அது கேட்பதையெல்லாம் கொடுத்துக்கொண்டே போக வேண்டியிருக்கும். ராகிங்கும் இதே தர்க்கத்தில்தான் ஓடுகிறது: நான் பட்டேன், நீயும் படு.

ஆனால் அந்தச் சடங்குக்கு வேறு முகம் ஒன்றும் இருந்ததை மறைக்கக் கூடாது. 1963 நவம்பரில், ஆட்டத்துக்குச் சில நாட்கள் முன்பு, அதிபர் கென்னடி அதே டெக்சஸ் மாநிலத்தின் டல்லாஸ் நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். அடுக்கு அப்போது ஏறக்குறைய கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மாணவர்கள் அதை எரிக்கவில்லை. மரத்தை ஒவ்வொன்றாக இறக்கிப் பிரித்துவிட்டார்கள். 1909-இலிருந்து 1998 வரையிலான காலத்தில் தீ எழாத ஒரே ஆண்டு அதுதான். அந்த நீண்ட வரிசையில் சடங்கு தன் உண்மையான உயரத்தைத் தொட்டது அந்த ஆண்டில் என்பது என் தீர்ப்பு. 109 அடி எழுந்த ஆண்டை அதற்கு ஈடு சொல்ல மாட்டேன். ஒரு சாவின் முன் தன் மகிழ்ச்சியை ஒத்திவைக்க அன்றைக்கு அதற்குத் தெரிந்திருந்தது. தன்னைவிடப் பெரிய கடன் ஒன்று இருக்கிறது என்று அறிந்த சடங்கு அது.

இதற்கு எதிராகச் சொல்லப்படும் வாதங்களில் வலுவானது பான்ஃபயரைக் கட்டியவர்களிடமிருந்தே வருகிறது. விறகை எரிப்பது பொருட்டில்லை, கட்டுவதுதான் பொருள் என்கிறார்கள். பண்ணையிலிருந்து வந்தவனும் பெருநகரத்திலிருந்து வந்தவளும் ஒரே மரத்தைத் தோளில் தூக்கியபோது கிடைத்த நெருக்கம் வகுப்பறையில் கிடைக்காது. ஆபத்தே இல்லாத பொதுவேலையில் யாரும் யாரையும் நம்பி நிற்கத் தேவைப்படுவதில்லை. ஆபத்தை முழுக்கத் துடைத்துவிட்டால் இளமையில் மிஞ்சுவது என்ன என்று கேட்கிறார்கள். இதில் உண்மை இருக்கிறது. அதை உணர்ந்தவர்கள், பல்கலைக்கழகம் நிறுத்திய பிறகும் வளாகத்துக்கு வெளியே, பல்கலைக்கழகத் தொடர்பு இல்லாமல், தனியாக ஒரு பான்ஃபயரை நடத்தி வருகிறார்கள். ஒவ்வொரு மரமும் தரையைத் தொட்டு நிற்கும்படி அதன் அமைப்பையே மாற்றிவிட்டார்கள். அந்த மாற்றமே என் வாதத்துக்குத் துணை நிற்கிறது: பற்று உள்ளவர்கள் வடிவத்தை மாற்ற முடியும், மாற்றியிருக்க முடியும். தோழமைக்காக உயிரைப் பணயம் வைக்கலாமா என்பது பெரியவர்கள் தமக்காக முடிவு செய்துகொள்ளும் கேள்வியாக இருக்கலாம். ஆனால் அன்று அடுக்கின்மேல் நின்ற பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்குத் தாங்கள் எதைப் பணயம் வைக்கிறோம் என்று தெரியாது. தொண்ணூறு ஆண்டு மரபு தங்களைத் தாங்குகிறது என்று நினைத்தார்கள். அறியாமல் கொடுத்ததைத் தியாகம் என்று பெயரிட்டு அழைப்பது, இழந்த குடும்பங்களுக்கு நாம் செய்யும் இரண்டாவது அநீதி. டெக்சஸ் பல்கலைக்கழகத்தோடு பழைய ஆட்டப் போட்டி திரும்புவதையொட்டி, பான்ஃபயரை வளாகத்துக்குக் கொண்டுவரலாமா என்ற பேச்சு மீண்டும் எழுந்தது. 2024-இல் பல்கலைக்கழகத் தலைவர் மார்க் வெல்ஷ் அதை மறுத்தார். அவர் செய்தது சரி.

சரிவு நடந்து எட்டு நாட்கள் கழித்து, 1999 நவம்பர் 26 அன்று, இரு அணிகளும் ஆடின. இடைவேளையில் எதிரணிப் பல்கலைக்கழகத்தின் இசைக்குழு மைதானத்தில் நின்று, இறந்தவர்களுக்கான இசையை வாசித்துவிட்டுத் தொப்பிகளைக் கழற்றியது. எந்த எதிரியை வெல்லும் ஆசைக்காக அந்தத் தீ மூட்டப்பட்டதோ அவர்களே தலைகுனிந்து நின்றார்கள். விபத்து நடந்த இடத்தில் 2004 நவம்பர் 18 அன்று ஒரு நினைவிடம் திறக்கப்பட்டது. பான்ஃபயர் எரிந்த 89 ஆண்டுகளுக்கும் ஒவ்வொரு கருங்கல் வரிசையாக நிற்க, 1963-க்கு உரிய இடத்தில் மட்டும் ஓர் இடைவெளி விடப்பட்டிருக்கிறது. வரிசையின் முடிவில் ஒரு பெரிய வட்டம், அதில் பன்னிரண்டு வாசல்கள். ஒவ்வொரு வாசலும் இறந்தவர் ஒருவரின் சொந்த ஊர் இருக்கும் திசையைப் பார்க்கிறது. வாசலில் போய் நிற்பவர் அந்த ஊருக்குத் திரும்பாமற்போன ஒருவரின் இடத்தை நிரப்பி நிற்கிறார். ஒவ்வோர் ஆண்டும் அதே நாளில் அதிகாலை 2:42-க்கு, 1999-இல் பிறந்திருக்காத மாணவர்கள் குளிரில் அந்த வட்டத்தில் வந்து கூடுகிறார்கள். தீ இல்லை, வெற்றி முழக்கம் இல்லை. ஒரு மரபு தன்னால் இறந்தவர்களுக்குத் தானே கடன்பட்டிருப்பதை ஒப்புக்கொண்டு நிற்பதை உலகில் அதிகமாகப் பார்க்க முடியாது.

சில்வர் டாப்ஸுக்கும் பான்ஃபயருக்கும் உள்ள வேறுபாடு ஆபத்தின் அளவில் மட்டும் இல்லை. பான்ஃபயர் ஆண்டுதோறும் எரிந்தாக வேண்டியிருந்தது. எரியாவிட்டால் அது தோல்வி. சில்வர் டாப்ஸ் அப்படி இல்லை. மாதம் பிறந்து முதல் செவ்வாய் வருகிறது. முந்தைய மாதத்தில் மாணவர் யாரும் இறக்கவில்லை என்றால், கொடிமரத்தடியில் அட்டை இல்லை. அன்று இரவு விளக்குகள் எரிந்துகொண்டே இருக்கும், பியூகிள் ஊதப்படுவதில்லை.